இருபது வயதில் வைத்த சுருதி

ஜோனி மிட்செல் ‘போத் சைட்ஸ் நவ்’ பாட்டைத் தன் ஸ்டுடியோ ஆல்பங்களுக்காக முப்பது வருட இடைவெளியில் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். முதல் பதிவு 1969இல் வந்த ‘க்ளவுட்ஸ்’ ஆல்பத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 25. ஒற்றைக் கிதார், அதன்மேல் கண்ணாடிக் கிண்ணத்தைச் சுண்டியதுபோல ஒரு குரல். அடுத்த பதிவு 2000இல் வந்தது. அந்த ஆல்பத்துக்கே பாட்டின் பெயர்தான். இம்முறை பின்னால் பெரிய ஆர்கெஸ்ட்ரா. சுருதி நன்றாக இறங்கியிருக்கிறது. குரலில் புகை படிந்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்து வைப்பதுபோல நகர்கிறது. பெயரைச் சொல்லாமல் போட்டுக் காட்டினால், இரண்டையும் பாடியது ஒருவரே என்று பலர் நம்பமாட்டார்கள்.

மரியன் ஃபெய்த்ஃபுல் இன்னும் ஒரு படி மேலே. ‘ஆஸ் டியர்ஸ் கோ பை’ 1964இல் வெளிவந்தபோது அவருக்குப் பதினேழு வயது. தேவாலயக் கோரஸில் நிற்கும் சிறுமியின் குரல் அது. அதே பாட்டை 1987இல், நாற்பது வயதில், ‘ஸ்ட்ரேஞ்ச் வெதர்’ ஆல்பத்துக்காகத் திரும்பப் பாடினார். நடுவில் போதைப்பழக்கம், சிகரெட், தெருவில் கழித்த நாட்கள், கவனிக்காமல் விட்ட தொண்டை அழற்சி எல்லாம் வந்து போயிருந்தன. இரண்டாவது பதிவில் குரல் விரிசல் விட்டுத் தாழ்ந்து கிடக்கிறது. ஆனால் பாட்டின் துயரத்துக்கு இப்போதுதான் உரிய குரல் கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஒரே ஆள், ஒரே பாட்டு, இரண்டு பதிவுகள். குரல் எப்படி மாறுகிறது என்று ஆராய விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை அமையாது. ராக் இசை அதை வேண்டிய மட்டும் தந்திருக்கிறது. ஐம்பது அறுபது வருடமாக ஒரே பாட்டை மேடைமேடையாகப் பாடிக்கொண்டிருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். பாடியதெல்லாம் ஒலிநாடாவிலும் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த மாற்றத்தைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: ‘பழைய குரல் போயிடுச்சு.’ இந்த ‘போயிடுச்சு’க்குள் மூன்று வேறு சங்கதிகள் சிக்கிக்கிடக்கின்றன. வயது ஒன்று, உபயோகத்தில் பட்ட அடி இன்னொன்று, பாடகரே விரும்பி எடுத்த முடிவு மூன்றாவது. லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளான்டை மையமாக வைத்து இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கலாம். அவர் வாழ்க்கையில் மூன்றுமே நடந்திருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்கின்றன என்பது இன்னும் வசதி.

பையன்களின் குரல் உடைவதற்குத் தமிழில் அழகான ஒரு பெயர் இருக்கிறது: மகரக்கட்டு. அதற்குப் பிறகு வரும் மாற்றங்களுக்குப் பெயரே இல்லை. ஒருமுறை உடைந்து, கெட்டிப்பட்டு, ஆயுளுக்கும் அப்படியே நிற்கும் பொருள் என்பதுபோலத்தான் குரலை நினைக்கிறோம். பழைய பாகவதர்கள் குரலைச் சாரீரம் என்பார்கள். சரீரத்துக்கும் அதற்கும் ஒரு கால்தான் வித்தியாசம். சரீரத்துக்கு வருவதெல்லாம் சாரீரத்துக்கும் வரும் என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கருவியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். குரல்வளைக்குள் எதிரெதிராக இரண்டு மடிப்புகள். நாண் என்கிறோம், ஆனால் கம்பியைப்போல் தனித்துத் தொங்குபவை அல்ல. பக்கச் சுவரோடு ஒட்டிய சதை மடிப்புகள்தாம். வளர்ந்த ஆணுக்கு அதிரும் பகுதியின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டரை ஒட்டியது. பெண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர்போல. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1970களில் காட்டியபடி, இந்த மடிப்பு ஒரே பொருளால் ஆனதல்ல. உள்ளே தசை, மேலே வழவழவென்று கூழ்போன்ற மென்படலமும் தோலும். உள்ளிருப்பது உடல், மேலிருப்பது போர்வை. நுரையீரலிலிருந்து காற்று மேலேறும்போது இந்தப் போர்வைதான் அலையலையாக அதிர்கிறது. இனிமை, பளபளப்பு, கரகரப்பு எல்லாம் பெரும்பாலும் அந்தப் போர்வையின் நலத்தைப் பொறுத்தவை.

மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டுமென்றால் குரல்வளையின் குருத்தெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து மடிப்புகளை இழுத்து நீட்ட வேண்டும். நீண்டு மெலிந்து இறுகிய மடிப்பு வேகமாக அதிரும். ஆண்கள் சாதாரணமாகப் பேசும்போது மடிப்புகள் நொடிக்கு 110, 120 முறை அதிர்ந்து மூடுகின்றன. பிளான்டின் உச்ச வரிகள் 440ஐச் சுற்றியும் அதற்கு மேலும் திரிபவை. 440 என்றால் நிமிடத்துக்கு 26,400 முறை இரண்டு மடிப்புகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. ஒரு மனக்கணக்குப் போடலாம். இரண்டு மணி நேரக் கச்சேரியில் உண்மையில் குரல் ஒலிப்பது 40 நிமிடம், சராசரி 300 அதிர்வு என்று வைத்துக்கொண்டால் ஓர் இரவுக்கு 7,20,000 மோதல். முப்பது இரவு கொண்ட ஒரு சுற்றுப்பயணத்தில் இரண்டு கோடியைத் தாண்டிவிடும். இது என் கணக்குதான். ஆனால் குரலின் உழைப்பை இப்படி எண்ணி அளக்கலாம் என்ற எண்ணம் ஆராய்ச்சியாளர்களுடையது. அமெரிக்கக் குரலியலாளர் இங்கோ டிட்ஸேயும் அவருடைய சகாக்களும் மருந்துக்கு வேளைக்கணக்கு இருப்பதுபோலக் குரலுக்கும் அளவுக்கணக்கு வகுத்திருக்கிறார்கள்.

இனி 1968க்குப் போவோம். பிளான்ட் பிறந்தது 1948 ஆகஸ்டில், இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச்சில். நிலக்கரியும் இரும்பும் புழங்கிய வட்டாரம். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது அவருக்கு இருபது வயது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் தட்டுகளைக் கேட்டுக்கேட்டு வளர்ந்த பையன். வாழ்ந்து களைத்த பெரியவர்களின் கரகரப்பை இருபது வயதில் எடுத்து அணிந்துகொண்டு, அதை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிவைத்துப் பாடினார். ராக் பாடுவதற்கான இலக்கணமாகவே அது பிறகு ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் ஆல்பத்தில் தான் கத்தியதைக் கேட்டால் கூச்சமாக இருக்கிறது என்ற பொருளில் பிளான்டே பின்னாளில் பேசியிருக்கிறார்.

அந்தக் காலத்து மேடை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பின்னால் ஜான் பானமின் டிரம்ஸ். பக்கத்தில் ஜிம்மி பேஜின் கிதார் ஆம்ப்ளிஃபயர் அடுக்கு. பாடுகிறவருக்குத் தன் குரலே காதில் விழ வழியில்லை. மேடை மானிட்டர் ஸ்பீக்கர் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தது. காதுக்குள் செருகும் மானிட்டர் வர இன்னும் இருபது வருடம் இருந்தது. இரைச்சலில் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான் என்பதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லோம்பார்ட் 1911லேயே எழுதிவைத்திருக்கிறார். திருவிழாக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசிவிட்டு மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டு எழுந்தவர்களுக்கு அது தெரிந்ததுதான். பிளான்டுக்குத் திருவிழா ஒரு நாளோடு முடியவில்லை. 1969 ஒரே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கச்சேரிகள். 1973 மே 5 அன்று ஃப்ளோரிடாவின் டாம்பாவில் 56,800 பேர் கூடினார்கள். ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் சேர்த்த கூட்டத்தைத் தாண்டிய எண்ணிக்கை அது.

இந்த இடத்தில்தான் முதல் மாற்றம். 1970, 1971 ஆண்டுகளின் மேடைப் பதிவுகளையும் 1973, 1975 ஆண்டுகளின் மேடைப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் கேட்கும். முன்னால் அநாயாசமாகத் தாவிய இடங்களுக்கு இப்போது சுற்றுவழியில் போகிறார். சிலவற்றை விட்டேவிடுகிறார். 1970 முதல் 1972 வரை கச்சேரிகளைத் தொடங்கிவைத்த ‘இமிக்ரன்ட் ஸாங்’, அந்த நெஞ்சைப் பிளக்கும் கூவலோடு, அதன் பிறகு அந்த இடத்தில் இல்லை. அந்த வருடங்களில் பிளான்டின் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்ததாக ரசிகர் உலகில் நெடுங்காலமாகப் பேச்சு உண்டு. நான் அதை ஆதாரமாகக் கொள்ளவில்லை. அது தேவையும் இல்லை. 1973இல் அவருக்கு வயது 25. இருபத்தைந்து வயதில் யாருடைய குரல்வளையும் கிழடாவதில்லை. ஆகவே அந்த மாற்றத்தை வயதின் கணக்கில் எழுத முடியாது. அது அடி.

ஓர் எச்சரிக்கை. ஸ்டுடியோ ஆல்பங்களை வைத்து இந்த ஆராய்ச்சியைச் செய்தால் வழுக்கி விழுவோம். 1973இல் வந்த ‘ஹவுஸஸ் ஆஃப் தி ஹோலி’ ஆல்பத்தில் ‘தி ஸாங் ரிமெய்ன்ஸ் த சேம்’ பாட்டின் குரல் சற்று வேகம் கூட்டப்பட்டது. ‘நோ குவார்ட்டர்’ நாடாவின் வேகத்தைக் குறைத்துச் சுருதி இறக்கப்பட்டது. ஒரே ஆல்பத்தில் ஒரே தொண்டை, ஒரு பாட்டில் இளமையாகவும் இன்னொன்றில் முதுமையாகவும் ஒலிக்கிறது. இரண்டும் இயந்திரத்தின் கைவேலை. நாடாவை நம்புகிறவர் அது என்ன வேகத்தில் ஓடியது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடி பட்டால் மடிப்புக்கு என்ன ஆகிறது? போர்வை வீங்குகிறது. கூழ்ப்படலத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. ஓய்வு கொடுத்தால் வடியும். கொடுக்காவிட்டால் தடித்து, முடிச்சாகவோ கொப்புளமாகவோ நிலைத்துவிடும். சிகரெட்டும் சேர்ந்தால் வீக்கம் நிரந்தரமாகி, மடிப்பின் எடை கூடி, குரல் கட்டையாகிவிடும். மிட்செல் ஒன்பது வயதிலிருந்தே புகைத்தவர். குரல் இறங்கியதற்கு எல்லாரும் சிகரெட்டைக் காட்டியபோது, அவர் முடிச்சுகளையும் சிறுவயதுப் போலியோவின் பின்விளைவையும் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாடகர்கள் தங்கள் குரலைப் பற்றிச் சொல்லும் காரணங்களை மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம். அப்படியே எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

வீக்கத்தின் அடையாளம் ஒன்று உண்டு. குரல் மருத்துவர்கள் சோதனையாகவே பயன்படுத்துவது. வீங்கிய மடிப்பால் ஓங்கிப் பாட முடியும். மேல் ஸ்தாயியில் மெல்லப் பாட முடியாது. காற்றை அழுத்தித் தள்ளினால் தடித்த மடிப்பும் அதிர்ந்துவிடும். காற்றைக் குறைத்து மென்மையாக உயரத்தைத் தொடச் சொன்னால் ஒலி விட்டுவிட்டு வரும், அல்லது வெறும் காற்றாகக் கசியும். ஆகவே முதலில் போவது பெரிய கூச்சல் அல்ல, மெல்லிய உச்சம். கச்சேரி பார்க்க வந்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பாடகருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

எல்டன் ஜான் இதற்கு நல்ல சாட்சி. 1986 டிசம்பர் 14 அன்று சிட்னியில் மெல்போர்ன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு பாடினார். தொண்டை அப்போதே கிழிந்துகொண்டிருந்தது. அடுத்த மாதமே ஆஸ்திரேலியாவில் அறுவைச் சிகிச்சை. அந்த மோசமான இரவில் பதிவான ‘கேண்டில் இன் த விண்ட்’ பாட்டுதான் அட்லான்டிக்கின் இரண்டு கரைகளிலும் முதல் பத்துக்குள் வந்தது. வலியோடு பாடுவதை மக்கள் உருக்கம் என்று கேட்டுக்கொண்டார்கள். சிகிச்சைக்குப் பிறகு அவருடைய கள்ளக்குரல், அதாவது 1973இல் ‘குட்பை யெல்லோ ப்ரிக் ரோடு’ பாட்டில் சரசரவென்று மேலேறிய மெல்லிய குரல், திரும்பவில்லை. பதிலுக்கு நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரல் இன்னும் செழித்தது. பின்னாளில் அந்தப் பாட்டின் உச்சங்களைக் கீழே கொண்டுவந்துதான் பாடினார். ஒரு மடிப்புக்குள் இரண்டு பாடகர்கள் குடியிருந்து, ஒருவர் காலி செய்துவிட்டுப் போனதுபோல.

அப்போதெல்லாம் இதை வெளியே சொல்லமாட்டார்கள். தொண்டையில் கத்தி வைத்தார்கள் என்று தெரிந்தால் அடுத்த பயணத்துக்கு யார் ஒப்பந்தம் போடுவார்கள்? இன்று காலம் மாறியிருக்கிறது. 2006இல் ஏரோஸ்மித் பாடகர் ஸ்டீவன் டைலரும் 2011இல் அடேலும் பாஸ்டனில் ஸ்டீவன் ஸைடெல்ஸ் என்ற நிபுணரிடம் சிகிச்சை பெற்றதை ஊரே அறியும். ஜான் பான் ஜோவி இன்னும் வெளிப்படையானவர். அவருடைய இரண்டு மடிப்புகளில் ஒன்று நலிந்துபோயிற்று. ஒன்று சும்மா இருந்தால் மற்றது தனியாகக் கை தட்ட முடியாது. 2022இல், அறுபது வயதில், நலிந்ததை நடுவுக்குத் தள்ளி நிறுத்த உள்ளே ஒரு செயற்கைத் துண்டை வைத்தார்கள். அதற்குப் பின்னான பயிற்சியையும், பழையபடி வரவில்லையே என்ற ஏக்கத்தையும் 2024இல் வெளியான ஆவணத் தொடரில் கேமரா முன்னாலேயே பேசியிருக்கிறார்.

கரகரப்பு என்றாலே அடி என்று எடுத்துக்கொள்வதும் தவறு. ஃப்ரெடி மெர்குரி பற்றி ஆஸ்திரிய, ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மெர்குரி இறந்தது 1991இல்; ஆகவே பதிவுகளைத்தான் அளக்க முடிந்தது. ஆறு பேட்டிகளிலிருந்து எடுத்த பேச்சுக் குரலின் சுருதி 117 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தது. அதாவது எல்லா ஆண்களையும்போலத்தான் பேசினார். மேல் ஸ்தாயிப் பாடகர் என்று உலகம் கொண்டாடியவரின் இயல்புக் குரல் நடுத்தரக் குரல். அவருடைய உறுமலை விளங்கிக்கொள்ள, அதைப்போலவே பாடத் தெரிந்த ஒரு தொழில்முறைப் பாடகரின் தொண்டைக்குள் நொடிக்கு நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் எடுக்கும் கேமராவைச் செலுத்தினார்கள். அசல் மடிப்புகளுக்கு மேலே இருக்கும் போலி மடிப்புகளும் சேர்ந்து அதிர்வது தெரிந்தது. மூன்று அதிர்வுக்கு ஒன்று என்று தாளக்கணக்கு பிசகாமல். கேட்பவருக்கு அது தொண்டை கிழிவதுபோல இருக்கும். உள்ளே நடப்பது பயின்ற வேலை.

சரி, வயது? ராணி எலிசபெத்தின் கிறிஸ்துமஸ் உரைகளையும், பிபிசி வானொலியில் 58 வருடம் அமெரிக்காவிலிருந்து வாரந்தோறும் பேசிய அலிஸ்டர் குக்கின் ஒலிபரப்புகளையும் ஜெர்மனியில் ஹாரிங்டன் குழுவினர் அளந்திருக்கிறார்கள். ராணியின் பேச்சுச் சுருதி பத்தாண்டு பத்தாண்டாகக் கீழே இறங்கியது. குக்குடையது முதலில் இறங்கிப் பிறகு தள்ளாத வயதில் ஏறியது. கிழவர்களின் குரல் கீச்சென்று மெலிவதைக் கிராமத்துத் திண்ணைகளில் கேட்டவர்களுக்கு அது வியப்பாக இராது. மடிப்புக்குள் இருக்கும் தசை வற்றி, நடுவில் இடைவெளி விழுவதால் வருவது. பாடகருக்கோ இதற்கு முன்பே வேறு தொல்லைகள். குருத்தெலும்பு எலும்பாகிக்கொண்டு வருகிறது. சாய்ந்து இழுக்க முன்புபோல வளைந்துகொடுப்பதில்லை. மடிப்பின் மீள்தன்மை குறைகிறது. விலா இறுகுவதால் மூச்சு அளவு சுருங்குகிறது. காதும் மந்தமாகிறது, ராக் மேடையில் நின்றவர்களுக்கு இன்னும் சீக்கிரமாக. நாற்பதுக்கு மேல் மெதுவாகத் தொடங்கி, அறுபதில் தட்டுப்படும் இறக்கம் இது.

இப்போது ஒரு கேள்வி. இந்த இறக்கம் எல்லா இசையிலும் உண்டு. ராக் பாடகருக்கு மட்டும் ஏன் இத்தனை அவமானமாகிறது? நம் கச்சேரி மேடையில் சுருதி பாடகருடைய சொத்து. இளமையில் இரண்டு கட்டையில் பாடியவர் எழுபதில் ஒன்றரைக்கோ ஒன்றுக்கோ வந்தால் தம்புராவைத் திருப்பிச் சேர்த்துக்கொண்டு மேலே போகலாம். கீர்த்தனைக்கு ஒரு குறையும் இல்லை. மேற்கின் ஓபராவில் பாத்திரங்களின் சுருதி எழுதப்பட்டது, மாற்ற முடியாது. ஆனால் வயதுக்கேற்ற பாத்திரங்கள் இருக்கின்றன. பிளாசிடோ டொமிங்கோ 2009இல் பெர்லினில் காதலனின் குரலைவிட்டுத் தந்தையின் குரலுக்கு இறங்கி, ‘சிமோன் போக்கனெக்ரா’வில் கீழ்ஸ்தாயிப் பாத்திரம் ஏற்றார். ராக்கில் இந்த இரண்டு வசதியும் இல்லை. அங்கே பாட்டு என்பது காகிதத்தில் இல்லை, இசைத்தட்டில் இருக்கிறது. இருபது வயதுக்காரர் ஒருவரின் தொண்டை ஒரு நாள் என்ன செய்ததோ அதுவே மூலப்பிரதி. அதை எழுதியவர்களில் எவரும் எழுபதில் இதைப் பாட வேண்டியிருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. பான் ஜோவியின் ‘லிவின் ஆன் எ ப்ரேயர்’ 1986இல் வந்தது. பாடியவருக்கு 24 வயது. கடைசிப் பல்லவியில் சுருதி திடீரென்று மூன்று அரைச்சுரம் மேலே தாவும். இளமையில் போட்ட கடன்பத்திரம் அது; வட்டி ஒவ்வொரு இரவும்.

ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். டீப் பர்ப்பிளின் இயன் கில்லன், ‘சைல்ட் இன் டைம்’ பாட்டின் கூவல் இனி வராது என்றானதும் 2000களின் தொடக்கத்தோடு அந்தப் பாட்டையே மேடையிலிருந்து இறக்கிவிட்டார். கௌரவமான முடிவு. பால் மெக்கார்ட்னி எண்பது வயதிலும் பெரும்பாலும் பழைய சுருதியிலேயே பாடினார். 2022இல் கிளாஸ்டன்பரியில் குரல் நூலாக இழைந்தது. கூட்டம் சேர்ந்து பாடிக் கைகொடுத்தது. பாப் டிலனோ, மாறுவதையே தொழிலாகக் கொண்டவர். 1969இல் ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ ஆல்பத்தில் திடீரென்று வெண்ணெய்போல ஒரு குரலில் வந்தார். சிகரெட்டை விட்டதால் வந்தது என்று பேட்டியில் சொல்லிவைத்தார். ஆனால் அவர் பெயர் வெளியே தெரிவதற்கு முன் மினசோட்டாவில் பழகியவர்கள் அப்படியொரு இனிய குரலை அப்போதே கேட்டதாகச் சொல்வதுண்டு. அப்படியானால் உலகம் அறிந்த அந்த மூக்குக் குரலும் ஒரு வேடம்தானோ என்னவோ.

பிளான்டிடம் திரும்புவோம். 1980இல் பானம் இறந்ததும் குழு கலைந்தது. 1985 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவின் லைவ் எய்ட் மேடையில் மிஞ்சியவர்கள் சேர்ந்தபோது பிளான்டின் தொண்டை கட்டியிருந்தது, கிதார் சுருதி சேரவில்லை, ஒத்திகையும் போதவில்லை. 2004இல் அந்த நிகழ்ச்சி டிவிடியாக வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க அவர்கள் இடம்கொடுக்கவில்லை. இருபது வயதுப் பாட்டை முப்பத்தாறு வயதில் அதே சுருதியில் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது போதுமான சாட்சி. 1994இல் பேஜோடு மீண்டும் சேர்ந்தபோது எகிப்திய இசைக்கலைஞர்களையும் அழைத்துக்கொண்டு பழைய பாட்டுகளுக்கு வேறு உருவம் கொடுத்தார். துரத்துவதை அப்போதே விடத் தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அதற்குச் சான்றாக ஒரே பாட்டின் இரண்டு பதிவுகள் இங்கேயும் கிடைக்கின்றன. ‘ப்ளீஸ் ரீட் த லெட்டர்’. பேஜும் பிளான்டும் 1998இல் ‘வாக்கிங் இன்டு க்ளார்க்ஸ்டேல்’ ஆல்பத்தில் பதிவு செய்தது. அதில் கடிதத்தைப் படி என்று கேட்பவர் கதவைத் தட்டிக் கேட்கிறார். 2007இல் ப்ளூகிராஸ் பாடகி அலிஸன் க்ராஸோடு சேர்ந்து ‘ரெய்சிங் ஸாண்ட்’ ஆல்பத்தில் அதையே மறுபடி பாடினார். இம்முறை கடிதத்தைக் கதவடியில் தள்ளிவிட்டு ஓசைப்படாமல் போகிறவரின் குரல். க்ராஸின் குரல் மேலே நிற்க, பிளான்ட் அதற்கு ஒட்டிக் கீழே நடக்கிறார். லெட் செப்பலினில் அவருக்கு ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு விதமாகப் பாடும் சுதந்திரம் இருந்தது. ஒத்திசைப் பாட்டுக்கு அது ஆகாது. நேற்றுப் பாடியதை இன்றும் பிசகாமல் பாட வேண்டும், பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கேட்க வேண்டும். அறுபதை நெருங்கும் வயதில் அதை க்ராஸிடமிருந்து கற்றதாகப் பிளான்ட் பலமுறை சொல்லியிருக்கிறார். 2009இல் ஆல்பத்துக்கு ஐந்து கிராமி. இந்தப் பாட்டுக்கே ‘ரெகார்ட் ஆஃப் தி இயர்’.

அந்தப் பதிவைக் கேட்கும்போது முன்னால் சொன்ன சோதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அடி பட்டு வீங்கிய மடிப்பால் மேல் ஸ்தாயியில் மெல்லப் பாட முடியாது. பிளான்ட் இங்கே பாட்டு முழுவதையும் மெல்லவே பாடுகிறார். காற்றுக் கசிவு சொற்பம், தொடக்கங்கள் சுத்தம். இருபது வயதின் உயரத்தில் அல்ல, நடு ஸ்தாயியில்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த நடு ஸ்தாயியில் இத்தனை மென்மை மிஞ்சியிருக்கிறது என்றால், தொண்டை நாசமாகிவிட்டது என்று முப்பது வருடமாக ரசிகர்கள் பாடிய ஒப்பாரிக்கு ஆதாரம் போதாது. 1973இல் கேட்டது அடி. 1990களில் கேட்டது வயது. 2007இல் கேட்பதில் பாதிக்கு மேல் விருப்பம். காதால் கேட்டுச் செய்த தீர்ப்புதான். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தவர் வேறு சொல்லக்கூடும்.

ஆல்பம் வந்து இரண்டு மாதத்துக்குள், 2007 டிசம்பர் 10 அன்று, லண்டன் ஓ2 அரங்கில் லெட் செப்பலின் ஓர் இரவு மட்டும் மீண்டும் மேடையேறியது. அனுமதிச்சீட்டுக்கு இரண்டு கோடி விண்ணப்பங்கள் வந்ததாகக் கின்னஸ் பதிவு. டிரம்ஸில் பானமின் மகன் ஜேஸன். பல பாட்டுகளின் சுருதியை இறக்கி வைத்திருந்தார்கள். ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ ஒரு முழுச்சுரம் கீழே. இருபதாயிரம் பேரில் அதைக் கண்டுபிடித்தவர்கள் கிதார் வாசிப்பவர்களாக மட்டுமே இருந்திருப்பார்கள். ராக்குக்கும் தம்புராவைத் திருப்பிச் சேர்க்கத் தெரியும் என்று அன்று நிரூபணமானது. நாற்பது வருடம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். மறுநாள் காலையிலிருந்தே உலகச் சுற்றுப்பயணம் எப்போது என்று கேட்டார்கள். பிளான்ட் 2008இல் சுற்றுப்பயணம் போனார், க்ராஸோடு. பணத்தைத் தள்ளியதைப் பைத்தியக்காரத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. ஒவ்வொரு இரவும் இருபது வயதுப் பையன் ஒருவனோடு மேடையில் பந்தயம் ஓடுவதைத் தவிர்த்தார் என்றே நான் படித்துக்கொள்கிறேன்.

2012 டிசம்பரில் வாஷிங்டன் கென்னடி மையத்தில் குழுவில் மிஞ்சிய மூவருக்கும் விருது கொடுத்தார்கள். விருது பெறுபவர்கள் பாடுவதில்லை. மாடத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்க வேண்டும். ஹார்ட் குழுவின் ஆன் வில்சனும் நான்ஸி வில்சனும் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ எடுத்தார்கள். ஆன் அப்போது 62 வயதுக்காரர். ஜேஸன் பானம் டிரம்ஸ் வாசிக்க, பாட்டு பாதியைத் தாண்டியதும் திரை விலகி, அவர் அப்பா ஒரு காலத்தில் அணிந்ததுபோன்ற வட்டத் தொப்பிகளோடு ஒரு பெரிய கோரஸ் எழுந்து வந்தது. பாட்டு மேலே ஏறும் இடம் வந்தது. ஆன் அதை எடுத்தார். பின்னால் கோரஸ் தூக்கிப் பிடித்தது. கேமரா மாடத்துக்குத் திரும்பியபோது 64 வயதுப் பிளான்டின் கண்களில் நீர் கோத்திருந்தது.